கோபஸ் மாமா பாறையான வரலாறு

நமீப் பாலைவனத்தின் ஓரத்தில் 'நிக்ஸ்' என்றொரு சொகுசு விடுதி இருக்கிறது. நிக்ஸ் என்றால் எங்கள் பக்கத்துப் பேச்சில் 'ஒன்றுமில்லை'. பெயருக்கு ஏற்றபடி அங்கே ஒன்றுமில்லை. டிவி இல்லை, போனில் சிக்னல் இல்லை, சுவர்கூட இல்லை, வெறும் கூடாரத் துணிதான். இந்த ஒன்றுமில்லாமையில் நாலு நாள் தங்குவதற்கு ஐரோப்பாவிலிருந்து ஆட்கள் ஒரு வருடம் முன்பே இடம் பிடித்துவிட்டு, சரளைச் சாலையில் குலுங்கிக் குலுங்கி வந்து சேருவார்கள்.

நான் அங்கே வரவேற்பாளர். பெயர் சனா. வரவேற்பறையும் இல்லை என்பதால் ஒரு முள்மரத்தடியில் நின்று வரவேற்பேன்.

காலையில் விருந்தினர்களுக்கு மௌன நடை. பிறகு மௌனமாக உட்காருதல். மாலையில் வெறுமையை நோக்குதல். எல்லோரும் மணல் நிறத்தில் உடுத்திக்கொண்டு வருவது அந்த வருடத்து நாகரிகம். ஆகவே பொழுது சாய்ந்ததும் மணல் எது, ஆள் எது என்று பிரித்தறிந்து சாப்பாட்டுக்கு அழைத்து வருவது என் பொறுப்பு. சாப்பாடு பெரிய தட்டில் வரும். நடுவில் கட்டைவிரல் அளவுக்கு ஓரிக்ஸ் மான் இறைச்சி. தட்டின் மிச்ச இடமெல்லாம் பாலைவனத்தைக் குறிக்கிறது என்று சொல்லிப் பரிமாற வேண்டும். சமையல்காரி லேனாக்கா இதைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு, எங்களுக்காக இரும்புப் பானையில் ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் வேகவைப்பார். வாசனை பிடித்துக்கொண்டு மணல் நிறத்து விருந்தினர்கள் அடுக்களைப் பின்வாசலுக்கு வந்து, வழி தவறிவிட்டதாகச் சொல்வார்கள். லேனாக்கா ஒன்றும் கேட்காமல் கிண்ணத்தை நீட்டுவார்.

பக்கத்து நிலம் கோபஸ் மாமாவுடையது. மனைவியை இழந்தவர், செம்மறி வளர்ப்பவர். வீடு குன்றுக்குப் பின்னால் மறைந்திருந்தது. ஆனால் மாமா வீட்டில் இருப்பதில்லை. எல்லைவேலி ஓரத்து மரத்தடியில் வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, காலை முதல் எங்கள் பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பார். ஆடுகளைக் கவனிப்பதாகச் சொல்வார். ஆடுகள் அவருக்கு முதுகுப் பக்கம் மேய்ந்தன. முன்பக்கம் இருந்தது எங்கள் அடுக்களைப் பின்வாசல்.

வெயில் தணிந்ததும் எழுந்து வந்து பின்வாசல் முக்காலியில் உட்காருவார். லேனாக்கா காபியும் ரஸ்க்கும் கொடுத்துவிட்டுச் சண்டையை ஆரம்பிப்பார். எதைப் பற்றி என்பது முக்கியமில்லை. ஒருநாள் மட்டும் லேனாக்கா சண்டை போடாமல், "ஏன்யா கோபஸ், ஆயுசு பூரா பின்வாசல்லயேதான் காபி குடிக்கப் போறியா? இல்ல, ஒருநாள் முன்வாசல் வழியா வந்து கேக்க வேண்டியதைக் கேக்கப் போறியா?" என்று கேட்டுவிட்டார். மாமா ரஸ்க்கைக் காபியில் முக்கியபடியே உறைந்துபோனார். ரஸ்க் கரைந்து காபிக்குள் விழுந்தது. பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டார்.

அடுத்த வாரம் அரசாங்கம் வந்தது.

நாட்டில் அப்போது போலி வெறுமை பெருகிவிட்டிருந்தது. பெட்ரோல் பங்குக்குப் பக்கத்தில் நாலு கூடாரம் அடித்துவிட்டு 'ஆளரவமற்ற பாலைவனம்' என்று விளம்பரம் செய்தார்கள். வெறுமை நாட்டின் சொத்து என்பதால், அதைப் பாதுகாக்க விண்ட்ஹூக் நகரில் வெறுமைத் தர நிர்ணய இயக்ககம் தொடங்கப்பட்டது. மூன்று மாடிக் கட்டடம், உள்ளே நிற்க இடமில்லை. எந்தக் கட்டிலில் படுத்துப் பார்த்தாலும் மனிதனோ மனிதன் செய்த பொருளோ கண்ணில் படாத விடுதிக்கு 'முழு வெறுமை' என்ற சான்று. பட்டால் 'ஏறக்குறைய வெறுமை'.

எங்கள் மேலாளர் ஊட்டா அம்மாவுக்கு இதைக் கேட்டதிலிருந்து தூக்கம் போய்விட்டது. முழு வெறுமை கிடைக்காவிட்டால் கடையை மூடிவிடுவதாக மியூனிக்கில் இருந்த முதலாளிகள் சொல்லியிருந்தார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஏறக்குறைய வெறுமைக்காக யாரும் விமானம் ஏறி வரமாட்டார்கள். அது எல்லோர் வீட்டிலும் இருக்கிறது.

துணை இயக்குநர் தோபியாஸ் நெகோங்கோ கோட்டு, டை, பளபளப்பான கறுப்பு ஷூவோடு வந்து இறங்கினார். ஒவ்வொரு கூடாரத்திலும் ஷூவோடு கட்டிலில் ஏறி மல்லாந்து படுத்து, கைகளை மார்பில் கட்டி, முதலில் ஒரு கண்ணையும் பிறகு மறுகண்ணையும் திறந்து பார்த்தார். நாலு கூடாரம் நல்லபடியாக முடிந்தது. ஐந்தாவதில் இரண்டு கண்ணும் ஒரே சமயத்தில் திறந்தன.

"அங்க மரத்தடியில வெள்ளையா என்ன?"

"நாற்காலி ஐயா," என்றேன்.

"நாற்காலி மேல?"

"கோபஸ் மாமா."

நெகோங்கோ எழுந்து உட்கார்ந்தார். "உங்க வெறுமையில ஒரு ஆள் இருக்காரும்மா."

ஊட்டா அம்மா கைகளைப் பிசைந்தார். "அவர் ரொம்ப அமைதியானவர் ஐயா. ஒரு சத்தம் வராது."

"அமைதி வேற பிரிவு. நான் வெறுமை."

மூவரும் வேலியோரம் நடந்தோம். நெகோங்கோவின் ஷூவுக்குள் மணல் புகுந்து, ஒவ்வோர் அடிக்கும் அவர் கொஞ்சம் உயர்ந்துகொண்டே வந்தார். மாமா நாற்காலியிலிருந்து எழவில்லை.

"ஐயா, இங்கேருந்து நீங்க போகணும்," என்றார் நெகோங்கோ.

"இது என் நிலம். நாற்காலியும் என்னுது. உட்கார்ற இடமும் என்னுதுதான்."

"மரத்துக்கு அந்தப் பக்கமா உட்காரலாமே? நிழல் அங்கேயும் இருக்கு."

மாமா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து அடுக்களை தெரியாது. "இந்தப் பக்கந்தான் காத்து வருது," என்றார். அன்று காற்றே இல்லை.

நான் மெதுவாகச் சொன்னேன். "மாமா, சான்று கிடைக்கலேன்னா விடுதிய மூடிடுவாங்க. லேனாக்கா கீட்மன்ஸ்ஹூப்புல அவங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவாங்க."

மாமா காதைச் சொறிந்தார். வெகுநேரம் சொறிந்தார். "நான் என்னதான் செய்யணும்?" என்றார்.

நெகோங்கோவும் கெட்டவர் இல்லை. சட்டத்தில் எங்கே சந்து இருக்கிறது என்று அறிந்தவர். கண்ணை மூடி யோசித்துவிட்டுச் சொன்னார்: "கண்ணுல படலாம்னு மூணு விஷயத்துக்கு அனுமதி இருக்கு. விலங்கு, தாவரம், நிலவடிவம். உங்களை விலங்குன்னு போட்டா வனவிலங்குக்காரங்க வந்து கழுத்துல பட்டை மாட்டிடுவாங்க. தாவரம்னு போட்டா வனத்துறை. அவங்களுக்கும் எங்களுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. நிலவடிவம் மட்டும் எங்க கையிலயே இருக்கு."

"நிலவடிவம்னா?"

"பாறை மாதிரி."

"பாறைன்னா நான் என்ன வேலை செய்யணும்?"

"ஒண்ணும் செய்யக் கூடாது."

"அதைத்தானே இப்பவும் செய்யறேன்?"

"இப்ப நீங்க தனிப்பட்ட முறையில செய்யறீங்க. இனிமே அரசு முறைப்படி செய்யணும்."

நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. சூரியன் எழுவது முதல் விழுவது வரை அசையக் கூடாது. கையாட்டக் கூடாது. நாற்காலிக்குப் பழுப்பு வண்ணம் அடிக்கப்படும், மாமாமேல் அதே நிறத்தில் ஒரு கம்பளி.

"வயசு?" என்று கேட்டார் நெகோங்கோ.

"அறுபத்தாறு."

"நிலவடிவத்துக்கு ரொம்பச் சின்ன வயசு. பின்னால மில்லியன்னு சேர்த்துக்கறேன்."

"லேனாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. அவகிட்ட அறுபதுன்னு சொல்லி வெச்சிருக்கேன்." பிறகு என் பக்கம் கண்ணை மட்டும் திருப்பினார். பாறைக்கான பயிற்சியை அப்போதே தொடங்கிவிட்டார் போல. "சனா, இதை நான் எதுக்காகச் செய்யறேன்னும் அவகிட்ட சொல்லக் கூடாது. சத்தியம் பண்ணு."

பண்ணினேன். அந்தச் சத்தியத்தால் வந்தது வினை.

முழு வெறுமைச் சான்று வந்தது. அதன்பின் எல்லாம் சட்டப்படி நடந்தது. நிலவடிவத்தின் மேல் ஏறுவதோ பெயர் செதுக்குவதோ குற்றம் என்று இயக்ககம் ஒரு பலகை நட்டது. பலகை மனிதன் செய்த பொருள் என்பதால் கண்ணில் படக் கூடாது. அதை மறைக்க ஒரு புதர் தேவைப்பட்டது. நிஜப் புதர் வனத்துறையைச் சேர்ந்தது. ஆகவே பிளாஸ்டிக் புதர் வைத்தார்கள். மாமாவின் ஆடு ஒன்று முதல் நாளே அதில் பாதியைத் தின்றுவிட்டு இரண்டு நாள் இருமியது.

விருந்தினர்களுக்கு நிலவடிவம் மிகவும் பிடித்துப்போனது. பெல்ஜியத்திலிருந்து வந்த ஓர் அம்மாள் அதைப் பார்த்துக் கண்ணீர் விட்டார்.

"அறுபத்தாறு மில்லியன் வருஷம்! எவ்வளவு பொறுமை பாருங்க சனா!"

"ஆமாங்கம்மா."

"எதுக்காகக் காத்துக்கிட்டிருக்கு?"

"பொழுது சாயறதுக்கும்மா."

இந்தப் பதில் மிக ஆழமானது என்று அவர் ஊருக்குப் போய் எழுதிவிட்டார். அடுத்த மாதம் முதல் வருகிறவர்கள் எல்லோரும் பழுப்புக் கம்பளியோடு வந்தார்கள். வேலியின் இந்தப் பக்கம் வரிசையாக நாற்காலி போட்டு, மாமாவைப் பார்த்தபடி அவரைப் போலவே அசையாமல் உட்கார்ந்தார்கள். 'பாறை இருப்பு' என்று அந்த நாகரிகத்துக்குப் பெயர். இத்தனை பேர் நாற்காலியோடு கண்ணில் படுகிறார்களே என்று ஊட்டா அம்மா பயந்துபோய் நெகோங்கோவிடம் கேட்டார். அவர்கள் அசையாதவரைக்கும் தற்காலிக நிலவடிவங்கள் என்று அவர் விளக்கம் கொடுத்தார். ஒருமுறை மாமா பலமாகத் தும்மிவிட்டார். நில அதிர்வு என்று சொல்லிச் சமாளித்தேன். கூடாரத்தை விட்டு வெளியே படுக்க வேண்டும் என்று இரண்டு பேர் அடம்பிடித்தார்கள்.

அடுக்களையில்தான் நிலைமை சரியில்லை. பொழுது சாய்ந்து எழும்போது மாமாவின் இடுப்பு பிடித்திருக்கும். கம்பளியை மடித்துக்கொண்டு நேரே வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுவார். பின்வாசல் முக்காலி காலியாகக் கிடந்தது. பாத்திரங்கள் வழக்கத்தைவிட அதிகமாகச் சத்தம் போட்டன.

"ஒரே ஒரு கேள்வி கேட்டேன் சனா," என்றார் லேனாக்கா, வெங்காயத்தைத் துண்டு துண்டாக்கியபடி. "பிடிக்கலேன்னா பிடிக்கலேன்னு சொல்லலாம். ஊர்ல ஆம்பளைங்க மழுப்புவாங்க, ஓடிப்போவாங்க. பதில் சொல்லாம இருக்கறதுக்காகப் பாறையாவே மாறினவன் இவன் ஒருத்தன்தான்."

"அப்படி இல்லக்கா..."

"பின்ன எப்படி?"

சத்தியம் குறுக்கே நின்றது. "வெங்காயம் ரொம்ப எரியுதுக்கா," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

குளிர்காலத்தில் சான்றைப் புதுப்பிக்க நெகோங்கோ மறுபடி வந்தார். இந்த முறை கையில் தொலைநோக்கி. அன்று பார்த்துக் கிழக்குக் காற்று கிளம்பியது. எங்கள் கிழக்குக் காற்று வந்தால் பகல் செம்மண் நிறமாகிவிடும். வண்டியின் பெயிண்டை உரித்துக்கொண்டு போகும். தற்காலிக நிலவடிவங்கள் கம்பளியை எறிந்துவிட்டு அலறியடித்துக் கூடாரத்துக்குள் ஓடின. வேலிக்கு அந்தப் பக்கம் மாமா மட்டும் உட்கார்ந்திருந்தார்.

ஊட்டா அம்மா ஐந்தாம் கூடாரத்துக்கு ஓடினார். நெகோங்கோ கட்டிலில் படுத்தபடி தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, அவரை உள்ள கூப்பிட்டுக்கலாமா? செத்துப்போயிடுவாரு!"

"காத்தடிச்சா பாறை உள்ள வருமாம்மா? நான் பார்த்துக்கிட்டிருக்கேன். இதுதான் உண்மையான பரிசோதனை."

எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. அடுக்களைக்கு ஓடி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். லேனாக்கா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைக்கவில்லை. அப்படியே காற்றுக்குள் நடந்தார். நான் முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

மாமாவின் மடியில் மணல் குவிந்திருந்தது. புருவம், மீசை எல்லாம் மணல். கண்ணை இறுக மூடியிருந்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் பார்த்தால் யாரும் பாறை என்றுதான் சொல்வார்கள்.

"யோவ், எழுந்திரு!" என்று கத்தினார் லேனாக்கா.

உதடு மட்டும் அசைந்தது. "போ லேனா. அவரு பார்த்துக்கிட்டிருக்காரு."

"பார்க்கட்டும். எழுந்திருக்கிறியா, இல்ல கரண்டியால நெம்பட்டுமா?"

"நான் எழுந்தா உன் வேலை போயிடும்டி."

"என் வேலைக்காக உன்னை யாரு பாறையாகச் சொன்னா? நான் கேட்டேனா? நான் கேட்டது வேற ஒண்ணு. அதுக்கு ஒரு வார்த்தை பதில் சொல்ல வாய் வரல. மாசக்கணக்கா மண்ணைத் தின்னுக்கிட்டு உட்கார மட்டும் வருதா?"

மாமா ஒரு கண்ணைத் திறந்தார். அதிலிருந்து கொஞ்சம் மணலும் கொஞ்சம் தண்ணீரும் வந்தன. "முன்வாசல் வழியா வரலாம்னுதான் இருந்தேன் லேனா. உங்க விடுதியில பின்வாசலை விட்டா வாசலே இல்லையே. எது முன்வாசல்னு தெரியல."

லேனாக்கா கரண்டியை இடுப்பில் செருகினார். "முட்டாள் பாறை," என்றார். பிறகு கம்பளியை உருவி உதறி, கையைப் பிடித்துத் தூக்கினார். மாமாவின் முழங்கால் இரண்டும் துப்பாக்கி வெடித்ததுபோல் சத்தம் போட்டன. இருவரும் தோளைப் பிடித்துக்கொண்டு குன்றுக்குப் பின்னால் போனார்கள். கொஞ்ச நேரத்தில் மாமாவின் பழைய பிக்கப் வண்டி, பின்னால் நாலு ஆடுகளோடு, புழுதிக்குள் கீட்மன்ஸ்ஹூப் பக்கம் ஓடியது.

நான் திரும்பி வந்தபோது நெகோங்கோ கட்டில்மேல் நின்றுகொண்டிருந்தார்.

"நிலவடிவம் போயிடுச்சு!" என்றார் வெளிறிப்போய். "அறுபத்தாறு மில்லியன் வருஷத்துச் சொத்து! என் பொறுப்புல இருக்கும்போது போயிடுச்சு!"

தேசிய நிலவடிவம் திருடப்பட்டதாக, சமையல்காரி ஒருத்திமேல் புகார் பதிவானது. கீட்மன்ஸ்ஹூப் போலீஸ் லேனாக்காவின் அக்கா வீட்டுக்கு வந்து கதவைத் தட்டியதாம். கதவைத் திறந்தது மாமா.

"இந்த வீட்டுல பெரிய பாறை ஏதாவது இருக்கா?" என்று கேட்டார் சார்ஜென்ட்.

"எவ்வளவு பெரிசு?"

"கிட்டத்தட்ட உங்க அளவுக்கு."

"இல்லையேப்பா. உள்ள வந்து தேடிப் பாரு. காபி சாப்பிடறியா?"

சார்ஜென்ட் கட்டிலுக்கு அடியிலும் கோழிக்கூண்டிலும் தேடிவிட்டு, இரண்டு கோப்பை காபி குடித்துவிட்டு, பாறை கிடைக்கவில்லை என்று எழுதி அனுப்பினார். அடுத்த சனிக்கிழமை இருவரும் பதிவாளர் அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டார்கள். மாப்பிள்ளை அரசாங்க நிலவடிவம் என்று அங்கே யாருக்கும் தெரியாது. துறைகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாததால் நாட்டில் சில நல்ல காரியங்களும் நடக்கின்றன. இப்போது பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே இரண்டு பேரும் பணியாரம் போட்டு விற்கிறார்கள். அங்கே ஹாரன் சத்தத்தில் ஒருவர் சொல்வது ஒருவருக்குக் கேட்காது. அதனால் சண்டையை இன்னும் பலமாகப் போடுகிறார்கள்.

இங்கே இயக்ககம் தலைமேல் கைவைத்துக்கொண்டு யோசித்தது. நிலவடிவம் இல்லை என்று ஒப்புக்கொண்டால், அதைத் தொலைத்தது யார் என்ற கேள்வி வரும். ஆகவே அது இருக்கத்தான் வேண்டும் என்று முடிவானது. 'நிலவடிவம் (நிரந்தரப் பணி, ஓய்வூதியம் உண்டு)' என்று பத்திரிகையில் விளம்பரம் வந்தது. நாடு முழுவதிலிருந்தும் விண்ணப்பங்கள் குவிந்தன. பட்டதாரிகள் போட்டார்கள். புவியியல் படித்த ஒருவர், தனக்கு முன்னுரிமை வேண்டும் என்று வழக்கே போட்டார். ஊட்டா அம்மா ரகசியமாகப் போட்டார். நானும் போட்டேன். எத்தனை நாளைக்குத்தான் மரத்தடியில் நின்றுகொண்டே வரவேற்பது? உட்காருகிற வேலை யாருக்குக் கசக்கும்?

நேர்காணலுக்கு விண்ட்ஹூக்குக்குக் கூப்பிட்டார்கள். மூன்று மாடிக் கட்டடத்தின் நடைபாதையில் எங்களை வரிசையாக உட்காரவைத்தார்கள். காலை போனது. மதியம் போனது. ஒருவரும் வரவில்லை. நான் எழுந்து போய் ஜன்னலுக்குள் தலையை நீட்டி, "எப்பங்க கூப்பிடுவீங்க?" என்று கேட்டேன். அதுதான் நேர்காணல் என்று எனக்கு எப்படித் தெரியும்? எழுந்து கேட்டவர்கள் எல்லோரும் தோற்றோம்.

வேலை கிடைத்தது நடைபாதைக் கோடியில் உட்கார்ந்திருந்த ஒருவருக்கு. அவர் விண்ணப்பமே போடவில்லையாம். அந்த அலுவலகத்திலேயே வேலை பார்ப்பவர். அது அவருடைய இருக்கை.

அவர் இப்போது எங்கள் வேலியோரத்தில் பழுப்பு நாற்காலியில் இருக்கிறார். மாமாவைவிடப் பலமடங்கு நன்றாகச் செய்கிறார் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தும்முவதில்லை. மாமா விட்டுப்போன ஆடுகள் கம்பளியைக் கடித்தாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. போன மாதம் பிரான்ஸ் நாட்டுக் கணவனும் மனைவியும் அவர் முன்னால் மண்டியிட்டு, வாழ்க்கையில் தாங்கள் தேடுவது எப்போது கிடைக்கும் என்று கேட்டிருக்கிறார்கள். அவர் கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னாராம்.

"நாளைக்கு வாங்க."

பாறை பேசிவிட்டது என்று செய்தி பரவிவிட்டது. கேட்டவர்கள் அனைவருக்கும் அதே அருள்வாக்குத்தான் கிடைக்கிறது. இப்போது யாரும் ஊருக்குத் திரும்பிப் போவதில்லை. தினமும் இன்னும் ஒருநாள் தங்குகிறார்கள். விடுதியில் கால்வைக்க இடமில்லை, கூடாரத்துக்கு நாலு பேர். முழு வெறுமைச் சான்றை மேலும் ஐந்து வருடத்துக்கு நீட்டித்திருக்கிறார்கள். என் சம்பள உயர்வைப் பற்றி நானும் போய் அவரிடம் கேட்டுவிட்டு வந்திருக்கிறேன். நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறார்.